மூன்று செப நேரம் நிற்க வேண்டிய கார்

எங்கள் டாக்டரம்மா காபியை உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஓர் இடம் தவிர, அதற்கு வருகிறேன். மற்றபடி நின்றபடிதான் குடிப்பார், அதுவும் பாதிதான். மீதியை எங்கே வைத்தார் என்று நாங்கள்தான் தேட வேண்டும். மருந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும், பிரசவ அறை ஜன்னலில் இருக்கும், ஒரு தடவை பிள்ளைகளை எடை போடும் தராசிலேயே இருந்தது. "இந்தம்மா குடிச்ச காப்பியவிட எறும்பு குடிச்ச காப்பிதான் சாஸ்தி" என்று ஆயா முனகிக்கொண்டே டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் நர்ஸாகச் சேர்ந்தேன். தூத்துக்குடியில், திரேஸ்புரம் போகும் வழியில், அவருடைய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. வாசலில் ஒரு வாதுமை மரம், உள்ளே ஐந்தாறு கட்டில்கள். அவர் நாசரேத் பக்கத்துப் புரொட்டஸ்டண்ட் வாத்தியார் வீட்டுப் பெண். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் திரேஸ்புரத்துக் கத்தோலிக்கப் பெண். எனக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பதால், அவர் எங்கே போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஓடுகிற என்று சும்மா சொல்லவில்லை. அவர் நடப்பதே ஓட்டம்தான்.

ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார். "பொண்ணு பாக்க வந்தாவ. உக்காந்து பலகாரம் சாப்பிட்டாவ, சாப்பிட்டாவ, சாப்பிட்டுக்கிட்டே இருந்தாவ. எனக்கு காலேஜுக்கு ரயில் பிடிக்கணும். பின்வாசல் வழியா போயிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்வதற்குள் இவர் கேட்டைத் தாண்டியிருப்பார். துப்பறியும் நாவல் வாங்கினால் கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் புத்தகத்தை ஆயாவின் மகளுக்குக் கொடுத்துவிடுவார். வயிற்று வலி என்று வந்த பெண், தன் நாத்தனார் வீட்டு விசேஷத்திலிருந்து கதையைத் தொடங்கினால் மேஜையில் விரலால் தட்டுவார். "வலி எங்க இருக்கு, அதச் சொல்லுளா. நாத்தனாருக்கு என்ன வலின்னு நா கேட்டேனா?"

இப்படிப்பட்டவர் பிரசவ அறைக்குள் போனதும் வேறு ஆளாகிவிடுவார். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், நேரில் பார்க்காதவர்கள் நம்பியதில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுவார். பிறகு அசைய மாட்டார். தாய் கத்துவாள், வெளியே மாமியார் கத்துவாள், ஊசியைப் போட்டு வெட்டி எடுத்துத் தொலையுங்கள் என்று சொந்தக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். இவர் தாயின் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கி வழி தெரியும் தாயி, நாம குறுக்க நிக்காம இருந்தாப் போதும்" என்பார். அரை நாள் அப்படி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவசரமெல்லாம் வழியில்தான். போய்ச் சேர்ந்துவிட்டால் அவருக்கு அவசரம் கிடையாது.

வழியில் அவருக்கு வாய்த்த காரோ அவருடைய எதிரி. பழைய சின்னக் கார். அதை நாங்கள் பேழை என்று கூப்பிட்டோம், நோவாவின் பேழையைப் போல அது மூழ்காது என்பதால். வேகம்தான் கிடையாது. எந்த மேட்டிலும் நின்றதில்லை, எந்த மழையிலும் மக்கர் செய்ததில்லை. மாட்டுவண்டிக்காரர்கள் வழிவிடாமல் பக்கத்தில் வந்து நலம் விசாரிப்பார்கள். முதலில் ஒரு டிரைவர் இருந்தார். பின்சீட்டிலிருந்து இவர் முன்சீட்டை முழங்காலால் தள்ளித் தள்ளி, அந்த மனிதர் முதுகுவலி வந்து நின்றுவிட்டார். பிறகு இவரே ஓட்டினார்.

மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே அந்தோனியம்மாள் என்று ஒரு பெண். புருஷன் சங்கு குளிக்கிறவன். அவளுடைய முதல் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் கால் முன்னாக வந்தது. ஆள் வந்து சொல்ல, நாங்கள் பேழையில் கிளம்பினோம். போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால், பயந்துபோன பெண்கள் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தலை மாட்டிக்கொண்டது. நாங்கள் போனபோது எல்லாம் முடிந்து, துணியில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். டாக்டரம்மா தாயைக் கவனித்துப் பிழைக்க வைத்தார். வெளியே வந்ததும் பேழையின் முன் டயரை ஓங்கி ஓர் உதை உதைத்தார்.

அந்தோனியம்மாள் இரண்டாவது முறை உண்டானாள். மாதாமாதம் வந்து காட்டிவிட்டுப் போனாள். இந்தப் பிள்ளையும் திரும்பாமல் தலையை மேலே வைத்துக்கொண்டுதான் இருந்தது. கடைசி மாதம் இங்கேயே வந்து தங்கு என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். வீட்டில் மாமியார் பாரிச வாதத்தில் படுத்த படுக்கை, வேறு பெண் துணை கிடையாது. "அவியள விட்டுட்டு எப்பிடிம்மா வருவேன்?" என்றாள்.

"சரி. வலி எடுத்ததும் உங்க பங்குச் சாமியார் வீட்டு போன்ல சொல்லச் சொல்லு. நா வாரதுக்குள்ள ஒருத்தரையும் தொட விடாத. இந்தத் தடவ நா முன்னாடியே இருப்பேன்" என்றார் டாக்டரம்மா.

சொல்லிவிட்டார். ஆனால் எதில் போவது? பேழை நிற்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருமினார். அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

துறைமுகத்துப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியுடையது அது. இங்கே ஒரு தொழிற்சாலை கட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் தன் காரை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாமல் அண்ணாச்சியிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். பழைய கார்தான். தாழ்ந்து, அகன்று, கரும்பச்சை நிறத்தில் இருந்தது. ஆனால் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி யோசிக்கும், பிறகு பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியது போலப் பாயும். அண்ணாச்சிக்கு அது பயம். கூடவே இப்போது நோயும் வந்திருந்தது. மிதித்தால் உள்ளே ஏதோ ஊளையிட்டது, பின்னால் நீலமாகப் புகை போனது.

"ஓட்டிப் பாருங்கம்மா. பிடிச்சா வச்சுக்கிடுங்க. பிடிக்கலன்னா கொண்டாந்து நிப்பாட்டுங்க. நமக்குள்ள என்ன" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மா அண்ணாச்சியையும் வைத்துக்கொண்டு அதைக் கபிரியேல் அண்ணனிடம் காட்டினார். ஊரில் கார் மெக்கானிக்குகள் இருந்தார்கள். அவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். கபிரியேல் அண்ணன் எங்கள் தெருக்காரர், கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். குனிந்து பார்த்ததுமே, "இது கப்பல் இன்ஜின்ல உள்ள சாமான்லா. கார்லயும் வச்சிட்டானா" என்றார்.

"என்னதுண்ணே?" என்றேன் நான்.

"டர்போன்னு சொல்லுவாவ. இன்ஜின் விடுத புகை ஒரு சின்னக் காத்தாடியச் சுத்தும். அந்தக் காத்தாடி காத்த அமுக்கி உள்ள தள்ளும். அதான் இந்தப் பாய்ச்சல். அதுக்கு எண்ணெய்தான் உசிரு. ஓடி வந்து நின்ன உடனே சாவியத் திருப்பி அமத்திட்டா எண்ணெய் நின்னு போவும், காத்தாடி நிக்காது. சூட்டோட சுத்திச் சுத்தி அச்சு தீஞ்சு போவும். நின்ன பொறவும் கொஞ்ச நேரம் இன்ஜின சும்மா ஓட விடணும்." அண்ணாச்சியைப் பார்த்தார். "நீங்க எப்பிடி அமத்துவிய?"

அண்ணாச்சிக்குப் பெருமையே வந்துவிட்டது. "நா பெட்ரோல வீணாக்குனதே இல்ல. முத்தையாபுரம் தாண்டும்போதே அமத்திருவேன். நல்ல வேகத்துல வருதுல்லா, அப்படியே உருட்டிக்கிட்டே வீடு வந்துருவேன்."

பெட்ரோல் விலை ஏறியிருந்த காலம். எங்கள் ஊரில் எல்லாருமே அப்படித்தான் ஓட்டினார்கள். மேடு பள்ளமில்லாத ரோடு, முதுகில் காற்று. வீடு கண்ணில் படுவதற்கு முன்பே இன்ஜினை நிறுத்திவிட்டு நிசப்தமாக வந்து சேர்வதுதான் கெட்டிக்காரத்தனம். கபிரியேல் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாதி கொன்னுட்டிய. மாத்தணும்னா சாமான் கப்பல்லதான் வரணும். வரும், வராமலும் போவும். இப்பிடியே ஓட்டுனா ஒரு மாசம் ஓடலாம், நாளைக்கே நின்னாலும் நின்னுரும். நானா இருந்தா வாங்க மாட்டேன் டாக்டரம்மா."

"ஒழுங்கா நிப்பாட்டுனா?"

"கொஞ்ச நாளு கூட ஓடும்."

"எம்புட்டு நேரம் நிக்கணும்?"

"ஓடி வந்து நின்னதும் மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. பொறவு அமத்துங்க."

எங்கள் கடற்கரையில் அதுதான் கணக்கு. மீன் வேகும் நேரம், வலை இழுக்கும் நேரம், எல்லாமே செபத்தில்தான். டாக்டரம்மாவுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. "எங்க சபையில மரியே கிடையாதே. ஏளா, அது உன் டிபார்ட்மெண்ட்" என்று என் தலையில் கட்டினார்.

அன்றிலிருந்து எனக்குத் தினமும் காருக்குள் செபம். வண்டி நிற்கும், இன்ஜின் ஓடும், நான் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பிப்பேன். டாக்டரம்மாவின் விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போடும். ஒரு கால் கதவுக்கு வெளியே போய்விடும். "இன்னும் முடியலியா?" என்பார். "செபம் சொல்லும்போது பேசாதிய" என்பேன். மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள், "நீ இழுத்து இழுத்துச் சொல்லுத. எங்க செபத்தையே நா சொல்லிக்கிடுதேன்" என்றார். பரமண்டல செபத்தை அவர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். 'பரமண்டலங்களிலே' என்று வாய் திறந்தார், அடுத்த மூச்சுக்குள் 'ஆமென்', சாவி திரும்பியது. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆண்டவருக்கே அது காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வாங்குவதா வேண்டாமா என்பதில்தான் எனக்கு ஆச்சரியம். எதையும் நின்ற இடத்தில் முடிவு செய்கிறவர், இதில் மட்டும் முடிவுக்கு வர முடியாமல் தவித்தார். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் வெளியே போய்ப் பானெட்டைத் திறந்து பார்ப்பார், மூடுவார். "போனா முக்கா மணி நேரத்துல போயிரலாம் ஏளா" என்பார் காலையில். "தேரிக்காட்டு நடுவுல நின்னுட்டா நானும் நீயும் பனமரத்த எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்பார் மத்தியானம். பேழை நிச்சயமாகப் போய்ச் சேரும், நேரத்துக்குப் போகாது. இது நேரத்துக்குப் போகும், போய்ச் சேருமா என்பது தெரியாது. அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினார். மறுநாளும் அதையே சொன்னார். தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. எனக்கே பொறுக்காமல், "ஒண்ணு வாங்குங்க, இல்லன்னா திருப்பிக் கொடுங்க. இதப் பாத்துப் பாத்து எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டேன். என்னை முறைத்துவிட்டு மறுபடியும் பானெட்டைத் திறக்கப் போனார்.

ஆடி மாதம். கச்சான் என்கிற மேல்காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். பங்குச் சாமியார் வீட்டிலிருந்து டிரங்க் கால் வந்தது. அந்தோனியம்மாளுக்கு விடியும்போதே வலி கண்டுவிட்டது.

நான் பையோடு வெளியே ஓடினேன். டாக்டரம்மா எனக்கு முன்னால் வந்து, இரண்டு கார்களுக்கும் நடுவில், இரண்டு கையிலும் இரண்டு சாவியோடு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. காற்றில் புடவை படபடத்தது.

"பேழையிலயே போவோம்மா. அது நிக்காது" என்றேன்.

"போன தடவ அதுலதான் போனோம்" என்றார்.

அவ்வளவுதான். பச்சைக் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

ஆத்தூர்ப் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பஸ்களை ஒரே மூச்சில் முந்தினார். நான் செபமாலையை எடுத்துக்கொண்டேன், இது காருக்காக இல்லை, எனக்காக. திருச்செந்தூர் வரைக்கும் காற்றைப் போலத்தான் போனோம். அதைத் தாண்டியதும் தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டிலிருந்து சரிந்து ரோட்டில் ஏறிக் கிடந்தது. ஆடிக் காற்றில் செம்மண் பறந்து கண்ணாடியை அடித்தது. அந்த மணலில் மிதித்து மிதித்து ஏற்றியபோது ஊளை கூடிக்கொண்டே வந்து, அழுகை மாதிரி ஆகி, சட்டென்று நின்றுவிட்டது. கூடவே பாய்ச்சலும் போய்விட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், ரோடே தெரியாத அளவுக்குப் புகை.

"நிப்பாட்டுங்கம்மா, தீப்பிடிச்சிரப் போவுது."

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று காரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வலியெடுத்த பெண்ணிடம் பேசும் அதே குரல். மீதித் தூரம் முழுக்க அதைப் பேசிப் பேசியே கொண்டுபோனார். எனக்குப் பயத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

அந்தோனியம்மாளின் வீட்டு முன்னால் வண்டி நின்றது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே சாவி திரும்பிவிட்டது. மரியேயும் இல்லை, பரமண்டலமும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து "முக்குளா, நல்லா முக்கு" என்று நாலைந்து பெண்கள் கத்துவது கேட்டது. டாக்டரம்மா செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே அந்தோனியம்மாள் துவண்டு கிடந்தாள். கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கவேயில்லை, அதற்குள் காலையிலிருந்து முக்க வைத்துச் சோர்ந்துபோயிருந்தாள். ஒரு கிழவி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தயாராக நின்றாள். டாக்டரம்மா அவளை அதட்டவில்லை. "ஆத்தா, நீங்க தலைமாட்டுல உக்காந்து இவளுக்கு விசிறுங்க" என்று விசிறியைக் கையில் கொடுத்தார். மற்றவர்களை வெளியே அனுப்பினார். அந்தோனியம்மாளின் முகத்தைத் துடைத்து, "வந்துட்டேன் தாயி. இனி முக்காத. நா சொல்லும்போது முக்குனாப் போதும்" என்றார். ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு அவர் அசையவில்லை.

வெயில் ஏறியது, இறங்கியது. காற்று ஓலைச் சுவரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. புருஷன்காரன் வாசலுக்கும் கடலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். சங்கு குளிக்கும்போது மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் கிடக்கிறவன், கரையில் ஓரிடத்தில் நிற்க முடியாமல் தவித்தான். நான் வெளியே போய், "ஏலே, காலு ஒடிஞ்சிரும். அந்தக் காருக்குள்ள உக்காரு" என்றேன். அவன் கூச்சத்தோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு அங்கேயே இருந்தான்.

சாயங்காலம் ஆகும்போதுதான் பிள்ளை வர ஆரம்பித்தது. முதலில் பிருஷ்டம், பிறகு ஒரு கால், இன்னொரு கால். அந்த நிலையில் இழுக்கத் தோன்றாத மனிதர்கள் கிடையாது. எனக்கே கை பரபரத்தது. டாக்டரம்மா என்ன செய்தார் தெரியுமா? தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு காபியை முழுசாகக் குடிக்கப் பொறுமை இல்லாதவர், பாதி வெளியே தொங்கும் பிள்ளையைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். தொப்புள் வெளியே வந்தது. தோள் வந்தது. கழுத்து மயிர் தெரிந்த பிறகுதான் கை முன்னால் வந்தது. கால்களைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கி, முகத்தை வெளியே எடுத்தார். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு அழுதது. விசிறிக்கொண்டிருந்த கிழவி விசிறியைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மாவும் அழுதார். அதை நான்தான் பார்த்தேன். இன்னும் அரை மணி பிந்திப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கிழவியின் எண்ணெய்க் கை மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

கார் அதற்கப்புறம் கிளம்பவே இல்லை. கபிரியேல் அண்ணன் பிற்பாடு திறந்து பார்த்து, காத்தாடி உடைந்து அதன் துண்டு இன்ஜினுக்குள்ளேயே போய்விட்டது என்றார். மறுநாள் ஒரு மீன் லாரியின் பின்னால் கட்டி இழுத்து வந்தோம். நாங்கள் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில். ஊர் வந்து சேரும்வரை, "இந்த லாரிய இன்னும் கொஞ்சம் மிதிச்சா என்னவாம்?" என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அண்ணாச்சி ஓடி வந்தார். ஆள் நல்லவர். "நீங்க வேணும்னேயா செஞ்சிய? நான்தான் உருட்டி உருட்டிக் கெடுத்து வச்சிருந்தேன். விட்டுத்தள்ளுங்கம்மா, நா எடைக்குப் போட்டுக்கிடுதேன்" என்றார்.

"பாதிதான் நீங்க கெடுத்தது. மீதி நான்" என்றார் டாக்டரம்மா. "நா வாங்கிக்கிடுதேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓடும்போது வாங்காமல் பதினைந்து நாள் எல்லார் உயிரையும் எடுத்துவிட்டு, செத்த பிறகு வாங்குவார்களா யாராவது? அண்ணாச்சி போனதும் கேட்டேவிட்டேன்.

"நம்மளக் கொண்டுபோய்ச் சேத்துட்டுல்லா" என்றார். உள்ளே போய்விட்டார்.

கப்பலில் சாமான் வரவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்லி அனுப்பிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். வெளியூருக்குப் பழையபடி பேழைதான், பழையபடி திட்டுத்தான். பச்சைக் கார் வாதுமை மரத்தடியில் நின்றது. டயர்களில் காற்று இறங்கியது, மேலே இலை உதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குள் ஆண்களுக்கு இடம் கிடையாது. பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் தவித்து நிற்கிற ஆண்களை, "அங்கன போயி உக்காருங்க" என்று காரைக் காட்டுவேன். திரேஸ்புரத்து மீன்காரர்கள், உப்பளத்து ஆட்கள், சாத்தான்குளத்திலிருந்து வந்த வாத்தியார்கள், எல்லாரும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருமே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஏன் என்று தெரியவில்லை.

நான் கல்யாணமாகி வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. மத்தியான நேரம். உள்ளே ஆறுமுகநேரியிலிருந்து வந்த ஒரு தலைப்பிரசவம், வலி மெதுவாக வந்து போய்க்கொண்டிருந்தது. பிள்ளை சாவகாசமாகத்தான் வரும் என்று பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்த டாக்டரம்மாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பச்சைக் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டில் அந்தப் பெண்ணின் புருஷன், ஓர் உப்பளத்துப் பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், முகமெல்லாம் வெளுத்துப்போய், கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மாவும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் காபி டம்ளர்.

"எம்மா, இன்னும் எம்புட்டு நேரம் ஆவும்?" என்று கேட்டான்.

"எதுக்குல அவசரப்படுதே?" என்றார் டாக்டரம்மா. "அதான் வந்து சேந்தாச்சுல்லா."

ஜன்னல் வழியாக டம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். காலியாக இருந்தது.